ஜன்னல் போட மறந்த அறை

பாளையங்கோட்டையைத் தாண்டி, பொதிகை விரிவாக்கம் ஏழாவது தெருவில், முருங்கை மரத்து வீடு என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் மறுபேச்சு பேசாமல் கொண்டுபோய் இறக்கிவிடுகிற அந்த வீட்டில், பின்பக்கம் ஒரு அறை எடுத்துக் கட்டவேண்டும் என்று உலகம்மாளுக்கு ஆசை வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினோரு வருஷத்தில் மகள் வடிவு பள்ளிக்கூடம் முடித்து, காலேஜ் முடித்து, வேலைக்குப் போய், மதுரையில் வாக்கப்பட்டும் போய்விட்டாள், அறைதான் வந்தபாடில்லை.

இது சும்மா ஆசை இல்லை, அதைக் கேட்டுக்கிடுங்க. வடிவு வயிற்றில் இருந்தபோது, ஏழாம் மாசம் கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு, துணிமணியெல்லாம் பையில் கட்டிவைத்துக்கொண்டு, அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் வருவான் என்று உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வந்தான். வந்து, தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, "இடமில்லம்மா, ஒரே ஒரு பத்தி வீட்டுல நாலு குடும்பம் கெடக்கோம், நீ இங்கனயே பெத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் மேல் அவளுக்குக் கோபமில்லை, இல்லாதவன் என்ன செய்வான்; ஆனால் இடமில்லை என்ற அந்தச் சொல் மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. வடிவு கல்யாணத்தன்றே சம்பந்தியம்மா மங்கையர்க்கரசி வேறு சாப்பாட்டுப் பந்தியில் வைத்துச் சொல்லிவிட்டாள்: "இந்தா பாருங்க மதினி, தலைப்பிரசவத்துக்கு அனுப்பணும்னா பிள்ளைக்குத் தனி அறை இருக்கணும். ஹால்ல பாய விரிச்சுப் படுக்கப் போடுறதா இருந்தா எங்க வீட்டுலயே இருந்துட்டுப் போகட்டும்."

அதனால் அந்த ஆனி மாசத்திலிருந்து காண்ட்ராக்டர்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் லேப்டாப்பைத் திறந்து அறையை அப்படியே படமாகக் காட்டினார், அதில் சிவப்பு சோபாவில் ஒரு வெள்ளைக்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள், அவள் யாரென்று உலகம்மாளின் புருஷன் கோமதிநாயகம் கேட்டதும் அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். இரண்டாவது வந்தவர் வாஸ்துக்காரர், பின்னால் அறை கட்டவேண்டுமென்றால் முன்னால் வீட்டை இடிக்கவேண்டும் என்றார். மூன்றாவது ஆள் வீட்டைப் பார்க்கவேயில்லை, மரத்தைத்தான் பார்த்தார், பத்து முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு போனவர் போனவர்தான். கடைசியாக வந்தவன் ஞானமுத்து. "நாளைக்கு வாரேன்க்கா" என்று போனில் சொன்னவன் மறுநாளே வந்து நின்றான், காண்ட்ராக்டர் ஒருத்தன் சொன்ன நாளில் வந்ததைக் கண்ட மயக்கத்திலேயே உலகம்மாள் வேலையை அவனுக்குக் கொடுத்துவிட்டாள். பின்னால் அறை, முன்வாசலில் பேவர் கல், முருங்கையைச் சுற்றி ஒரு பாத்தி என்று பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் இரண்டு மாசம் அவன் சொன்ன நாளில் வரவேயில்லை, அது வேறு விஷயம்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்து ஞானமுத்து வந்தான். முளைக்குச்சி அடித்தான், நூல் கட்டினான், மூலைக்கு மூலை இழுத்து அளந்தான், சுண்ணாம்புப் பொடியை விரலிடுக்கில் ஒழுகவிட்டு, பன்னிரண்டுக்குப் பதினாலு, பின்தோட்டத்து மண்ணில் அறையைக் கோடாகப் போட்டான். அஸ்திவாரக் கோட்டில் வாசல் காட்டும் வழக்கமில்லை, கோடு சுற்றி வந்து முட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். உலகம்மாள்தான் விடவில்லை. "வாசல் எங்கன வருதுன்னு எனக்கு இப்பவே தெரியணும்" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். சரி என்று சமையல்கட்டுப் பக்கம் மூன்றடிக்குக் கோட்டை அழித்து வாசல் விட்டான்.

"அண்ணாச்சி, இந்தக் கோட்டை யாரும் மிதிச்சுராம பாத்துக்கிடுங்க. அழிஞ்சா திரும்ப அளக்கணும், அளக்கணும்னா நான் திரும்ப வரணும்" என்றான் ஞானமுத்து. அவனைத் திரும்ப வரவைப்பது எப்பேர்ப்பட்ட பாடு என்று அந்தத் தெருவுக்கே தெரியும்.

மண்வெட்டியை எடுத்து, உள்ளங்கையில் எச்சில் துப்பி, ஓங்கப் போகிற சமயம் உலகம்மாளின் போன் அடித்தது. வடிவு. "அம்மா, ரெண்டு மாசம்" என்றாள்.

உலகம்மாள் சிரித்தாள், அழுதாள், ஞானமுத்து வாயில் ஒரு கை சீனியைக் கொட்டினாள், கொட்டியபிறகுதான் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வீட்டில் ஒருத்தி பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது அஸ்திவாரம் தோண்டலாமா, சுவர் இடிக்கலாமா, மண்ணில் கடப்பாரை போடலாமா? கூடாது. இது சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீட்டிலும் கூடாது, துலுக்கர் வீட்டிலும் கூடாது, வீடு கட்டித் தின்கிற எந்தக் கொத்தனாரும் செய்யமாட்டான். "பிள்ளை பெறட்டும்க்கா, கோடு இருக்கட்டும், அழிக்கவும் கூடாது" என்று ஞானமுத்து மண்வெட்டியைத் துடைத்து டிவிஎஸ் வண்டியில் கட்டினான். ஒருத்தன் கோடு போட்ட இடத்தில் வேறொரு காண்ட்ராக்டர் கை வைப்பதில்லை என்பது அவர்கள் தொழிலில் ஒரு கட்டு. ஆகவே வேலை எங்கேயும் போய்விடாது என்ற நிம்மதியோடு தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பார்க்கப் போய்விட்டான்.

பிள்ளை பெற அறை வேண்டும், அறை கட்டப் பிள்ளை பிறக்கவேண்டும். உலகம்மாள் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

கோமதிநாயகத்துக்கு அந்தக் கவலையெல்லாம் இரண்டாம்பட்சம். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்த மனுஷன், உள்ளே வருகிற வழியில் வெளியே போகிற பஸ்ஸைக் கண்டால் விசில் அடித்தே உயிரை எடுத்தவர். அவருக்குப் பின்தோட்டத்தில் ஒரு புது பஸ் ஸ்டாண்டு கிடைத்த மாதிரி ஆயிற்று. காலை ஆறு மணிக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். துணி காயப்போட வந்தாலும், முருங்கைக்காய் பறிக்க வந்தாலும், கோட்டைத் தாண்டக்கூடாது, சுற்றித்தான் வரவேண்டும், உள்ளே போவதென்றால் வாசல் விட்ட இடத்தில்தான் போகவேண்டும், போகும்போது செருப்பைக் கழற்றவேண்டும். பக்கத்து வீட்டு ரோஸ்மேரி டீச்சர் முதலில் சிரித்தாள், பிறகு சுற்றி வந்தாள். பால்காரர் சுற்றி வந்தார். தெருப்பூனை நாலு நாள் ஏச்சு வாங்கிவிட்டு ஐந்தாம் நாள் வாசல் வழியாக வந்து உள்ளே படுத்தது. புரட்டாசி முடிவதற்குள் அந்தத் தெருவில் யாருக்கும் அந்த இடம் வெறும் இடமாகத் தெரியவில்லை, பேச்சுவாக்கில்கூட "அறைக்குள்ள" என்றுதான் சொன்னார்கள்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள் மழை பிடித்தது. உலகம்மாள் கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினாள், ஓடியவள் வழக்கம்போல வாசல் வழியாக அறைக்குள் ஒதுங்கி நின்று, முந்தானையால் தலையைத் துவட்டினாள். நாலு பக்கமும் கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. கோட்டுக்கு உள்ளே ஒரு சொட்டு இல்லை. மண் உலர்ந்து கிடக்கிறது, பூனை தூங்குகிறது, சுண்ணாம்புக் கோடு கரையாமல் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது.

"ஏங்க, மழை அறைக்குள்ள வரலங்க" என்று கூப்பிட்டாள்.

"வாசல்ல சாரல் அடிக்குதா பாரு" என்றார் அவர், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டே.

அப்புறம் என்ன, தெரு வந்தது, அடுத்த தெரு வந்தது, மழைக்காலம் முழுக்க ஏழாவது தெருவின் பாதித் துணி அங்கேதான் காய்ந்தது. வத்தல் காயப்போட வெயில்தான் வரமாட்டேன் என்றது, வெயிலும் கோட்டுக்கு வெளியேயே நின்றுகொண்டது. ஃபேன் மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் மேலே அண்ணாந்து வானத்தைப் பார்த்துவிட்டு, "கொக்கி மாட்ட எடம் இல்லம்மா, டேபிள் ஃபேன் வச்சுக்கோங்க" என்று நல்ல யோசனை சொல்லிப் போனான். வீட்டுக் கணக்கெடுக்க வந்த டீச்சரம்மா, அறைகள் எத்தனை என்று கேட்டாள், உலகம்மாள் மூன்று என்றாள், அந்தம்மா மூன்றாவதற்கும் செருப்பைக் கழற்றிவிட்டு வாசல் வழியாக வந்து பார்த்து, மூன்று என்று எழுதிக்கொண்டாள்.

தென்காசியில் இருந்த ஞானமுத்துவின் போன் ஓயவில்லை. எங்கள் வீட்டுக்கும் ஒரு கோடு போட்டுக் கொடு, கட்டடமே வேண்டாம், கோடு போதும் என்று கூப்பிட்டவர்கள் எத்தனையோ பேர். அவனும் வந்து எட்டு வீட்டுக்குப் போட்டுக் கொடுத்தான். எட்டிலும் மழை ஒழுகியது. ஒழுகாமல் என்ன செய்யும்? ஒரு வீட்டில் மோட்டார் சைக்கிளைக் கோட்டின் மேலேயே ஏற்றி இறக்கினார்கள், இன்னொரு வீட்டில் அவசரத்துக்குச் சுவரைத் தாண்டிக் குதித்துவிட்டு, "சும்மா கோடுதான" என்றார்கள். சும்மா கோடு என்று சொன்ன இடத்தில் சும்மா கோடாகத்தான் இருந்தது.

கார்த்திகை நடுவில், அடைமழையில், மங்கையர்க்கரசி மதுரையிலிருந்து அறையைப் பார்க்க வந்துவிட்டாள். மருமகளை எங்கே அனுப்புகிறோம் என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் மனசு கேட்கும் என்றாள், நியாயம்தானே. உலகம்மாள் காலையிலிருந்து வாசலுக்கும் சந்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பக்கத்துச் சந்து வழியாக நேரே நடந்து வந்தால் கோட்டின் மேல்தான் கால் வைக்கவேண்டும், சம்பந்தியம்மாவிடம் விசில் அடிக்க முடியுமா? ரோஸ்மேரி டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, தெருப் பெண்கள் பத்துப் பேரைக் குடையோடு கோட்டு ஓரமாக வரிசையாக நிற்கவைத்தாள். மங்கையர்க்கரசி வரிசையைப் பார்த்தாள், மரியாதைக்கு நிற்கிறார்கள் என்று நினைத்து எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே சுற்றி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நனையவில்லை. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், "விசாலமாத்தான் இருக்கு" என்றாள். உலகம்மாள் காப்பி போட ஓடினாள்.

காப்பி வந்தது. பாதி டம்ளர் குடிப்பதற்குள் மங்கையர்க்கரசி முந்தானையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தாள். வெளியே முருங்கைமரம் பேயாட்டம் ஆடுகிறது, பெண்கள் குடையைப் பிடிக்கமுடியாமல் தள்ளாடுகிறார்கள்; உள்ளே ஊதுபத்திப் புகை கம்பி மாதிரி நேரே மேலே போகிறது. அவள் முந்தானையைத் தவிர ஒன்றும் அசையவில்லை.

"புழுங்குதே மதினி. ஜன்னல் எங்க?"

எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது, யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உலகம்மாள் சமையல்கட்டுக்குள் போய் ஞானமுத்துவுக்குப் போன் போட்டாள்.

"கோட்டுல ஜன்னல் வராதுக்கா. அது சுவரு மூணடி எழும்புன பெறகுல்லா வைக்கது" என்றான்.

"இப்ப வைக்கணும்டே."

"இப்பன்னா சுவத்த ஒடைக்கணும். பிள்ளைத்தாச்சி இருக்கையில ஒடைக்கச் சொல்லுதியளா? நான் மாட்டேம்மா."

அறைக்குள் திரும்பி வந்தபோது மங்கையர்க்கரசி எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டிருந்தாள். "வருத்தப்படாதீங்க மதினி. உங்கள நான் குறை சொல்லல. வயித்துப் பிள்ளைக்காரிக்குக் காத்து வேணும்ல? எங்க வீட்டுலயே வச்சு நல்லாப் பாத்துக்கிறோம்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. அண்ணனும் இதே மாதிரி அன்பாகத்தான் சொன்னான்.

"நாலு பத்துக்கு பஸ்ஸு, கிளம்புறேன்" என்றாள் சம்பந்தியம்மா.

கோமதிநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அந்த நாலு பத்து பஸ் என்னைக்கு நாலு பத்துக்கு வந்திருக்கு? மழை பெஞ்சா நாலு முப்பத்தஞ்சு. நான் சொல்லுதேன், உக்காருங்க" என்றார். முப்பத்திரண்டு வருஷத்து அனுபவம் பேசும்போது எதிர்த்துப் பேச முடியுமா, அந்தம்மா உட்கார்ந்துவிட்டாள். அவர் மனைவியைப் பார்த்து, "இருபத்தஞ்சு நிமிஷம் கூடக் கெடைச்சிருக்குட்டி" என்றார்.

உலகம்மாள் குடைகூட எடுக்கவில்லை. தெருமுனையில் பீர்முகம்மது பாய் பழைய மரக்கடை வைத்திருந்தார், இடித்த வீட்டுக் கதவு, நிலை, உத்தரம் எல்லாம் அங்கே சாத்தியிருக்கும். நனைந்த கோழி மாதிரி வந்து நின்றவளைப் பார்த்து அவர் பதறிவிட்டார்.

"பாய், எனக்கு ஒரு ஜன்னல் வேணும். இந்த நிமிஷம்."

"எத்தனைக்கு எத்தனைம்மா?"

"காத்து வாற அளவுக்கு."

மூன்று கம்பி, இரண்டு கதவு, பச்சைப் பெயிண்ட் உரிந்த ஒரு தேக்கு ஜன்னல் கிடைத்தது. பாயும் அவளும் அதைப் பிணம் தூக்குகிற மாதிரி ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு — இந்த உவமையைக் கேட்டால் உலகம்மாள் என்னைத் தொலைத்துவிடுவாள், சரி, சப்பரம் தூக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள் — மழையில் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். தெற்குக் கோட்டுக்கு வெளியே கோமதிநாயகமும் பாயும் நின்று அதைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, கோட்டுக்கு நேராகப் பிடித்தார்கள். ரோஸ்மேரி டீச்சர் பின்னால் நின்று முட்டுக் கொடுத்தாள்.

"இதென்ன மதினி, கட்டுறீங்களா?" என்றாள் மங்கையர்க்கரசி திகிலோடு.

"கட்டல மதினி. தோண்டல, இடிக்கல, ஒடைக்கல. பிடிச்சிக்கிட்டுத்தான நிக்காவ" என்றாள் உலகம்மாள். சொட்டச் சொட்ட வாசல் வழியாகச் சுற்றி உள்ளே வந்து, கொண்டியை நீக்கி, இரண்டு கதவையும் தள்ளித் திறந்தாள்.

காற்று வந்தது. சும்மா வரவில்லை, ஒரு மாசமாக வெளியே காத்துக்கிடந்த காற்று அல்லவா, மழைவாசனையும் முருங்கைப்பூவுமாகத் திமுதிமுவென்று உள்ளே வந்து, பத்திப் புகையைக் கலைத்து, சம்பந்தியம்மாவின் முன்நெற்றி மயிரைக் கலைத்து, வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குள் போய் ஒரு டம்ளரை உருட்டியது. மங்கையர்க்கரசி நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"மதினி, இன்னொரு காப்பி கிடைக்குமா?" என்றாள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "தையில ஏழாம் மாசம். வளைகாப்புக்கு நீங்களே நாள் பாத்துருங்க" என்றாள். பஸ் நாலு முப்பத்தாறுக்கு வந்தது, அந்த ஒரு நிமிஷத்துக்காகக் கோமதிநாயகம் கண்டக்டரிடம் சண்டை போட்டார்.

ஜன்னலைத் துணிக்கொடிக் கம்பங்களுக்கு நடுவே கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார்கள். தை மாசம் வடிவு வந்தாள், இரண்டு கையிலும் வளையல் குலுங்க வாசல் வழியாக உள்ளே வந்து, ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுத்தாள். பங்குனி வெயில் கோட்டுக்கு வெளியே நின்று கொதித்தது, உள்ளே அவள் ஒருக்களித்துப் படுத்து முருங்கைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பங்குனி இருபதாம் தேதி ஆஸ்பத்திரியில் ஆண்பிள்ளை. தொட்டில் அந்த அறையில்தான் கட்டினார்கள், எதில் கட்டினார்கள் என்று கேட்காதீர்கள், ஸ்டாண்டு தொட்டில் கடையில் விற்கிறது. ஐந்து மாசம் இருந்துவிட்டுத்தான் மதுரைக்குப் போனாள். இனித் தோண்டலாம் என்று ஞானமுத்துவுக்குத் தகவல் போனது, அவன் "நாளைக்கு வாரேன்க்கா" என்றான். உலகம்மாளும் அவசரப்படுத்தவில்லை.

தீபாவளிக்கு வடிவு பிள்ளையோடு வந்திருந்தாள். ஏழு மாசம், வயிற்றை இழுத்து இழுத்துத் தவழ்கிற பருவம். வெளியே ஐப்பசி மழை, அறைக்குள் பாயில் எல்லோரும் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். பயல் பாயை விட்டு இறங்கினான். ஜன்னலுக்குக் கீழே ஒரு தவளை, கோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இவனையே பார்த்தது. அவனுக்குச் சுவரென்று யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. கோமதிநாயகம் விசிலைத் தேடிச் சட்டைப்பையில் கைவிடுவதற்குள், ஜன்னலுக்கு அடியில், சுவர் இருக்கவேண்டிய இடத்தில், வயிற்றால் சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டு நேரே போய்விட்டான்.

ஒரு வருஷத்து மழை மொத்தமாக உள்ளே விழுந்தது. முறுக்குத் தட்டு மிதந்தது, பூனை தலைதெறிக்க ஓடியது, கோடு நாலு பக்கமும் பாலாகக் கரைந்து முருங்கைப் பாத்தி இருக்கவேண்டிய பக்கம் ஓடியது. வடிவு பிள்ளையை வாரித் தூக்கிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் வழிய, "ஐயோ அம்மா, உன் அறை போச்சேம்மா" என்று அழுதேவிட்டாள்.

உலகம்மாள் நடு மழையில் நின்றாள். "போகட்டும்ட்டி" என்றாள். பிறகு, முப்பது வருஷமாக யாரையும் கேட்காத கேள்வியைக் கேட்டாள். "உனக்கு இடம் இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சும்மா."

தொண்டை முள் இறங்கிப் போனது. அவள் பேரனின் வயிற்றில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை முந்தானையால் துடைத்தாள். பிள்ளை முதன்முதலாக வாசப்படி தாண்டினால் கொழுக்கட்டை அவிக்கவேண்டும், சுவரையே தாண்டியவனுக்கு என்ன அவிப்பது என்று தெரியாமல் அன்றைக்கு இரண்டு மடங்கு அவித்துத் தெருவுக்கே கொடுத்தாள்.

அன்று ராத்திரி உலகம்மாள் போன் போட்டாள்; மறுநாள் காலை எட்டு மணிக்கு, சொன்ன நாளில், ஞானமுத்து வந்து நின்றான். மழை வெறித்த ஈரமண்ணில் நூல் கட்டினான், ஜன்னல் எங்கே வரும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டான், அறையைக் கட்டி, முன்வாசலில் பேவர் கல்லும் பதித்து முடித்தான். நல்ல அறைதான், முதல் மழைக்கு ஒரு மூலையில் லேசாக ஒழுகியது. ஏழாவது தெருப்பக்கம் போனால் நீங்களும் பார்க்கலாம்: அந்தப் பச்சை ஜன்னலுக்கு நேர் கீழே, தரையை ஒட்டி, சுவரில் ஒரு சின்ன வாசல் இருக்கும். ஒன்றரை அடி உயரம், நிலை உண்டு, கதவு கிடையாது. எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள்தான் கேட்பார்கள். தெருக்காரர்கள் அந்தப் பக்கம் போகும்போது அதன் முன்னால் சாமான் எதையும் வைக்காமல், வழிவிட்டு நடப்பார்கள்.